முதலாளி செல்வமலர்

பார்க்கிங், கிழக்கு லண்டன்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஹரிசனும் சுகமாக வந்து சேர்ந்தோம். வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகம். நேற்று முழுதும் உதைதான். உங்கள் முழங்கால் நோ எப்படி? நான் இல்லாமல் மா மூட்டையை யார் தூக்குகிறார்கள் என்பதுதான் இங்கே வந்ததும் எனக்கு வந்த முதல் யோசனை. ஆரணிக்குப் பரீட்சை முடிவு வந்துவிட்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். உங்கள் போன்தான் கடைக்கு ரோல்ஸ், பற்றிஸ் ஓடர் எடுக்கிற போன். நாள் முழுக்கக் கவுன்டரில் கிடக்கும், எல்லோர் கையும் அதில் படும். அத்தானும் ஹரிசனும் ஒருவர் நம்பரை மற்றவர் மறித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் முத்திரை வாங்கினேன். தபால்காரர் வருகிற நேரம் அத்தான் மொத்தக்கடைக்குப் போயிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை உங்கள் மேல்மாடி அறையை விட்டு நாங்கள் வந்த விதம் எனக்கே பிடிக்கவில்லை. அத்தானும் ஹரிசனும், சொந்த அண்ணன் தம்பி, ரோல்ஸ் தட்டுகளுக்கு நடுவில் நின்று அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அக்கா, நான் கேட்டதில் பிழை இல்லை. நீங்களும் அங்கே நின்றீர்கள், என்றாலும் ஒழுங்காக எழுதுகிறேன்.

கல்யாணம் முடித்து டிசம்பரில் லண்டன் வந்தேன். ஜனவரி முதல் கிழமையே உங்கள் கடையில் வேலைக்கு நின்றேன். மூன்று மாதம் சம்பளத்துக்குப் பேஸ்லிப் வந்தது. ஏப்ரலில் பிள்ளை விஷயத்தைச் சொன்னோம். அந்தக் கிழமையே அத்தான், "இனிக் காசாக் கையில தாறன் பிள்ளை, வரி வெட்டாமல் முழுசாக் கிடைக்கும்" என்றார். பெரிய மனசு என்று நினைத்து நன்றி கூடச் சொன்னேன். மிட்வைஃப் தந்த தாளைக் கொண்டுவந்து மகப்பேற்றுச் சம்பளம் கேட்ட அன்றுதான், ஏப்ரலோடு என் பெயரையே வெட்டிவிட்டார் என்று தெரிந்தது. பேப்பரில் நான் உங்கள் கடையில் இல்லவே இல்லை. அப்படியானால் ஜூலை முடியும்வரை உங்கள் பக்கத்தில் நின்று மாக் குழைத்தது யார்?

பிள்ளை நவம்பர் முதற் கிழமை பிறக்கும் என்கிறார்கள். என் பெயரைத் திரும்பப் பதியச் சொல்லி நீங்கள் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நம்புகிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம்.

உங்கள் ஜது

*

இல்ஃபோர்ட்
14.08.2025

என் அன்புத் தங்கச்சி ஜதுவுக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். முழங்கால் அப்படியேதான். ஆரணி நல்லாகப் பாஸ். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறாயா? தம்பி ஹரிசனுக்கு இரவு பஸ் ஓடுகிற ஷிப்ட் என்றால் பகலில் அவரை நித்திரை கொள்ள விடு.

உன் கடிதம் கிடைத்தது. நீ போன பிறகு ரோல்ஸ் சுற்றக் கை காணாது. புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், அவள் சுற்றினால் எண்ணெயில் போட்டதும் வாய் பிளக்கிறது.

நீ சொன்ன விஷயத்தை இவரிடம் மெல்லக் கதைத்துப் பார்த்தேன். "வேலைக்கு வராத ஆளுக்கு ஒன்பது மாசம் சம்பளம் குடுக்க நான் என்ன அரசாங்கமே? கடையை வித்துத்தான் குடுக்க வேணும்" என்றார். அதற்கு மேல் என்னால் கதைக்க ஏலவில்லை. இவர் கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை, உனக்கும் அது தெரியும்.

இன்னொன்று. கோயிலில் றோஸ்மலர் சொன்னாள், விசாவில் இருக்கிறவர்கள் அரசாங்கத்திடம் கை நீட்டினால் விசா புதுப்பிக்க மாட்டார்களாம். அவளுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்ததாம். நீ வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெனிபிட் ஆசையில் இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளாதே. பிள்ளை நல்லபடி பிறக்கட்டும், கோபங்கள் தானாக ஆறும்.

சனிக்கிழமை தபாலில் வருகிற மாதிரி எழுதாதே, அன்றைக்கு இவர் கடையில்தான் நிற்பார்.

அக்கா செல்வமலர்

*

பார்க்கிங்
18 ஆகஸ்ட் 2025

அன்பு அக்கா,

குளிசை எடுக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடவும் செய்கிறேன். டொலறஸ் அன்ரி, இந்த வீட்டுக்காரி, எங்களுக்கு ஓர் அறை தந்திருக்கிறார். தட்டில் மீதம் வைத்தால் ஏசுவார். ஆரணிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. இலவச ஆலோசனை நிலையம் ஒன்றுக்குப் போய், பாதி நாள் வரிசையில் இருந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் விசா. விசாவில் இருக்கிறவர்கள் தொடக் கூடாத உதவிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறதாம். மகப்பேற்றுச் சம்பளம் அந்தப் பட்டியலில் இல்லை. அது வேலை செய்தவளுக்குரிய சம்பளம். றோஸ்மலர் அக்காவின் அந்தப் பிள்ளையை நான் ஊரிலும் கேள்விப்பட்டிருக்கிறேன். எப்போதும் யாரோ ஒருவருக்குத் தெரிந்த பிள்ளைதான், ஒருவரும் கண்டதில்லை.

அடுத்தது காசு. முதல் ஆறு கிழமை என் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. பிறகு முப்பத்து மூன்று கிழமைக்கு, கிழமைக்கு நூற்றெண்பத்தேழு பவுண் சொச்சம். எல்லாம் சேர்த்தால் ஏழாயிரத்து எண்ணூறுக்குக் கிட்ட வரும். ஹரிசனின் சம்பளத்தில் பாதி விசாவுக்கு வாங்கிய கடனுக்குப் போகிறது. ஆகவே அந்தக் காசு எங்களுக்கு இந்த அறை வாடகை, நான் என் பிள்ளையோடு இருக்கிற ஒன்பது மாதம்.

இப்போது கவனமாக வாசியுங்கள். அதைக் கடை கொடுக்கும், அரசாங்கம் கடைக்குத் திருப்பிக் கொடுக்கும். உங்கள் கடை போன்ற சின்ன இடம் என்றால், கொடுத்த ஒவ்வொரு நூறு பவுணுக்கும் நூற்றெட்டரைப் பவுணாகத் திரும்ப வரும். கொடுக்கக் கையில் இல்லை என்றால் முன்பணமாகவே கேட்டு வாங்கலாம். "நான் என்ன அரசாங்கமே" என்று அத்தான் கேட்டாரே, அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது அரசாங்கத்தின் காசைத்தான். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சதமும் போகாது.

கடையை விட்டு வேறு வழியிலும் கேட்டுப் பார்த்தேன். அரசாங்கம் நேரடியாகத் தருகிற ஒரு தொகையும் இருக்கிறது, ஆனால் அதற்கும் இருபத்தாறு கிழமை, அதாவது அரை வருஷம், வேலை செய்ததைக் காட்ட வேண்டும். என்னிடம் இருப்பது மூன்று மாதப் பேஸ்லிப். எப்படிச் சுற்றினாலும் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்கிறேன்.

அந்த அலுவலகப் பெண் கேட்டாள், உன் முதலாளி யார் என்று. அத்தானின் பெயரைச் சொன்னேன். அவள் என் பேஸ்லிப்பைத் திருப்பிக் காட்டினாள். அதில் இருந்தது உங்கள் பெயர். அத்தானுக்கு முன்பு ஒரு கடை முறிந்ததால் வங்கி உங்கள் பெயரில்தான் கடன் தந்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பலசரக்கு வாங்குகிறதும் ஆள் வைக்கிறதும் பெயர் வெட்டுகிறதும் அத்தான், சட்டத்துக்கு முதலாளி நீங்கள்.

சட்டம் கேட்பது பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. பிள்ளை பிறக்கும் கிழமைக்குப் பதினைந்து கிழமை முன்னால், அதாவது ஜூலை இருபதாம் திகதிக் கிழமை, நான் உங்களிடம் வேலையில் இருந்தேனா? இருந்திருந்தால், அதற்குப் பிறகு வேலையை விட்டிருந்தாலும் எனக்கு உரியது உரியதுதான். அது மனோர் பார்க்கில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு எண்ணூறு ரோல்ஸ் செய்த கிழமை. நீங்கள் சுற்ற நான் றஸ்க் தூளில் பிரட்டினேன். "வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்காத, இரு" என்று எனக்கு முக்காலி தந்ததும் நீங்கள்தான்.

ஓம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். பதில் எழுதுங்கள் அக்கா.

ஜதுர்ஷிகா

*

இல்ஃபோர்ட்
10.09.2025

அன்புள்ள ஜதுவுக்கு,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. கடையில் வேலை கூட. ஆரணியை யூனிவர்சிட்டியில் கொண்டுபோய் விட்டோம், வீடு வெறிச்சென்று இருக்கிறது. தேங்காயெண்ணெய் விலை ஏறிவிட்டது. இங்கே மழை தொடங்கிவிட்டது, அங்கேயும் அப்படித்தானே இருக்கும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

முதலாளி என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கனநேரம் சிரிப்பு வரவில்லை.

குழந்தைக்கு இரண்டு கம்பளித் தொப்பி பின்னி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் தந்துவிடுகிறேன். எல்லாம் நல்லபடி நடக்கும்.

அக்கா

*

பார்க்கிங்
15 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கிறேன். என் சுகத்தைச் சொல்வதென்றால், போன செவ்வாய் பிரஷர் ஏறி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை.

தொப்பிக்கு நன்றி. ஆனால் நான் கேட்டது தொப்பி இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் விலை இருந்தது, மழை இருந்தது, நான் கேட்ட கேள்வி மட்டும் இல்லை. கோபமாக வந்தது அக்கா. இப்போதும் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட விசா போட்டோம், மறுத்துவிட்டார்கள். ஹரிசனுக்கு இரண்டு கிழமை தகப்பனார் விடுமுறை இருக்கிறது, அது முடிந்தால் நான் தனி. டகன்ஹாமில் பொதி கட்டுகிற இடம் ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜனவரி தொடங்கியதும் வரட்டாம். பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். டொலறஸ் அன்ரி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், அவருக்கே எழுபது வயது, கைகள் நடுங்குகின்றன. இரவில் படுத்தால் அந்தக் கைகளில் என் பிள்ளை இருப்பதுதான் கண்ணுக்குள் வருகிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். வேலை கொடுத்தவர் மறுத்தால் அவர்களிடம் தீர்ப்புக் கேட்கலாம். அவர்கள் கடைக்குக் கடிதம் போடுவார்கள், அது உங்கள் பெயருக்கு வரும். கடிதம் வந்த பிறகு தெரிந்தால் முதுகில் குத்தினாள் என்று நினைப்பீர்கள். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஜதுர்ஷிகா

*

இல்ஃபோர்ட்
03.10.2025

ஜதுவுக்கு,

பிரஷர் என்று வாசித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. உப்பைக் குறை. இடது பக்கம் சரிந்து படு. கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், இவருக்குத் தெரியாது.

நீ சொன்ன கடிதம் வந்தது. திருமதி செல்வமலர் என்று பெரிய எழுத்தில் என் பெயர். வங்கியைத் தவிர இந்த நாட்டில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் இவர் வந்துவிட்டார்.

வாசித்ததும் குதித்த குதியை எழுத ஏலாது. பிறகு உட்கார்ந்து ஒரு பதில் தயாரித்து, நூலகத்தில் டைப் செய்துகொண்டு வந்தார். நீ ஏப்ரலோடு வேலையை விட்டுவிட்டாயாம், அதற்குப் பிறகு வீட்டுப் பிள்ளையாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனாயாம். "குடும்பத்துக்குள்ள என்ன சம்பளம்? நான் தம்பியை வளத்ததுக்கு ஆரும் எனக்குப் பேஸ்லிப் தந்தவையே? நீர் கையெழுத்தைப் போடும்" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்றைக்கு ஐந்தாவது நாள். அந்தத் தாள் சீனி டின்னுக்குக் கீழே கிடக்கிறது. காலையில் மொத்தக்கடைக்குப் போகுமுன் பேனையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறார். பதினேழாம் திகதிக்குள் பதில் போக வேண்டுமாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஜது. உண்மையைச் சொன்னால் கணக்கில் காட்டாத சம்பளத்துக்குத் தண்டம் அடிப்பார்கள், வீட்டுக் கடனுக்கும் சேர்த்து ஆபத்து என்கிறார். அவர் சொன்னபடி எழுதினால் அது பொய். அந்தப் பொய்யில் அவர் பெயர் இருக்காது, என் பெயர்தான் இருக்கும்.

நான் ஒன்று யோசித்தேன். கோபிக்காமல் கேள். கல்யாணத்துக்கு அம்மா போட்ட காப்பு என்னிடம் நான்கு இருக்கிறது. இரண்டை உனக்குத் தருகிறேன். இல்ஃபோர்ட் லேன் நகைக்கடையில் கொடுத்தால், இப்போதைய தங்க விலைக்கு நீ எழுதிய தொகை முழுக்க வராவிட்டாலும் கிட்ட வரும். இவரிடம் கோயிலில் தொலைத்துவிட்டேன் என்று சொல்கிறேன். நீ வரி அலுவலகத்துக்கு எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள். குடும்பமும் உடையாது, உனக்கும் பிள்ளையோடு இருக்கலாம்.

உடனே பதில் போடு.

அக்கா

*

பார்க்கிங்
7 அக்டோபர் 2025

அன்பு அக்கா,

பிரஷர் இன்றைக்குச் சரியாக இருந்தது. உங்கள் அர்ச்சனை என்றே வைத்துக்கொள்கிறேன்.

காப்பைப் பற்றி வாசித்து அழுதுவிட்டேன். ஹரிசன் பயந்து என்ன என்று கேட்டார், வெங்காயம் என்றேன். அறையில் வெங்காயமே இல்லை.

எனக்கு அது வேண்டாம் அக்கா. காப்பை வாங்கினால் ஒன்பது மாதமும் என் பிள்ளையை உங்கள் அம்மாவின் நகையில் வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும். காலை ஏழு மணிக்கு வந்து மாக் குழைத்ததும், எண்ணெய் தெறித்து முழங்கையில் கொப்பளம் வந்ததும் உதவியாகவே போய்விடும். நான் உதவி செய்யவில்லை, வேலை செய்தேன். அதற்கு அரசாங்கம் தர இருக்கிற காசை நீங்கள் ஏன் உங்கள் கையிலிருந்து கழற்றித் தர வேண்டும்?

தண்டத்தைப் பற்றியும் அந்த நிலையத்தில் கேட்டேன். தாங்களாகவே முன்வந்து திருத்தினால் குறைவு, பொய் எழுதிப் பிடிபட்டால்தான் கூட. நம்பாவிட்டால் உங்கள் அக்கவுண்டன் கிருஷ்ணமூர்த்தியிடம் கேளுங்கள்.

நான் எழுதியதைத் திரும்ப எடுக்க மாட்டேன். நீங்கள் எதை எழுதினாலும் உங்களோடு கதைக்காமல் இருக்கவும் மாட்டேன். இது மட்டும் நான் தரக்கூடிய வாக்கு.

ஜது

*

இல்ஃபோர்ட்
21.10.2025

தம்பி ஹரிசனுக்கு,

நீயும் உன் மனைவியும் சுகம் என்று அறிந்தேன். நான் சுகமாக இல்லை.

நீ போனை எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். உனக்குக் கடைசியாக நான் கடிதம் எழுதியது ஊருக்கு, உன் பத்தொன்பதாவது வயதில், டிக்கட்டோடு சேர்த்து. ஹீத்ரோவில் அந்தக் குளிரில் மெல்லிய சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாய். என் ஜக்கட்டைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டு நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அதற்கு நான் யாரிடம் போய்க் கணக்குக் கேட்க? எந்த அலுவலகம் எனக்குத் திருப்பித் தரும்?

உன் அண்ணி எழுதிவிட்டாள். நான் தந்த தாளில் கையெழுத்துப் போடவில்லை. தானாக ஒன்றைக் கையால் எழுதி, தானே முத்திரை ஒட்டி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "நான் அனுப்பிப்போட்டன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டுகிறாள். இருபத்தாறு வருஷத்தில் என்னைக் கேட்காமல் அவள் ஒரு முத்திரை வாங்கியதில்லை. உன் வீட்டிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது என்று எனக்குத் தெரியும்.

கிருஷ்ணமூர்த்தியைக் கூப்பிட்டுக் கணக்கைத் திருத்தச் சொல்லியும் விட்டாள். சட்டப்படி முதலாளி அவளாம், நான் ஒன்றும் செய்ய ஏலாதாம். சந்தோஷமாக இருங்கள்.

உன் மனைவியைக் கவனமாகப் பார். பிரஷர் என்று கேள்விப்பட்டேன்.

தில்லையம்பலம்

*

பார்க்கிங்
14 நவம்பர் 2025

என் அன்பு அக்காவுக்கு,

ஒரு கையால் எழுதுகிறேன், மறு கையில் ஆள் இருக்கிறாள். அக்டோபர் முப்பத்தோராம் திகதி பெண் பிள்ளை பிறந்தது. ஐந்து நாள் முந்திவிட்டாள். இரண்டு பேரும் நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய தொப்பி இன்னும் கொஞ்சம் பெரிது, கண்ணை மூடிவிடுகிறது. ஹரிசன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

சம்பளம் வந்துவிட்டது, ஆகஸ்டிலிருந்து உள்ள நிலுவையோடு. இனி மே மாதம் நடுப்பகுதிவரை வருமாம். டகன்ஹாமுக்குப் போன் எடுத்து ஜனவரியில் வரமாட்டேன் என்று சொன்னேன். மே முடிந்து என்ன செய்வது என்று இப்போது யோசிக்கப் போவதில்லை. போனை வைத்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடியில் சும்மா இருந்தேன். அவ்வளவு சும்மா நான் இந்த நாட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

அத்தானின் கடிதத்தை ஹரிசன் வாசித்தார். பதில் எழுத உட்கார்ந்தார், எழுதவில்லை. ஜக்கட் கதையை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. அண்ணனின் நம்பரை மறித்திருந்ததை எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை.

நீங்கள் என்ன எழுதினீர்கள், அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. என்னால் உங்களுக்குக் கஷ்டம் வந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

முப்பதாம் திகதி ஞாயிறு, பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற சடங்கு. அம்மா இல்லை, தாய் வீட்டார் என்று சொல்ல எனக்கு இங்கே யாரும் இல்லை. நீங்கள் வருவீர்களா? அத்தானையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜதுவும் மகளும்

*

இல்ஃபோர்ட்
25.11.2025

என் செல்லத் தங்கச்சிக்கும் என் பெறாமகளுக்கும்,

உன் கடிதத்தை முகத்தில் வைத்துப் பார்த்தேன், பிள்ளை மணம் வருகிறதோ என்று. வெந்தயமும் உள்ளியும் நல்லாகச் சாப்பிடு, பால் ஊறும். தலையில் குளிர் படவிடாதே. நான் சுகம். உண்மையாகவே சுகம்.

என்ன எழுதினாய் என்று கேட்டாய். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். அவள் ஜனவரி தொடக்கம் ஜூலை முடியும்வரை வேலை செய்தாள், நீங்கள் கேட்ட கிழமையும் ஆறு நாளும் என் பக்கத்தில் நின்று செய்தாள், சம்பளம் காசாகக் கொடுத்தோம், கணக்கில் காட்டாதது எங்கள் பிழை என்று எழுதினேன். பேனை இவர் வைத்துவிட்டுப் போன அதே பேனைதான். பெட்டியில் போட்ட பிறகு பஸ் தரிப்பில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் இவர் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வைத்தால் குடிப்பார், குடித்துவிட்டுப் போவார். என் வாழ்க்கையில் நான் பயந்து கொண்டிருந்தது இதற்குத்தான். வந்த பிறகு பார்த்தால், ஒரு மாதம் வீடு அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

போன வியாழன் கிருஷ்ணமூர்த்தி கணக்கோடு வந்தார். தண்டம் என்று கொஞ்சம் கட்ட வேண்டி வரலாம், பெரிதாக இருக்காது என்றார். பிறகு வங்கிக் கணக்கைக் காட்டினார். உனக்குக் கொடுக்க வேண்டியது முன்பணமாக அரசாங்கத்திடமிருந்து வந்திருந்தது, மேலதிகமாகவும் கொஞ்சம் இருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"அப்ப இது எங்கட காசில்லையே?"

"இல்லைங்க சார். கவர்மென்ட் காசு. கொடுக்கிறது மட்டும்தான் உங்க கை."

"இது எப்ப தொடக்கம்?"

"அது ரொம்ப வருஷமாவே இருக்கு சார். நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. அப்போ மாசம் கொஞ்சம் கம்மி."

இவர் என் பக்கம் திரும்பினார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை அதுதான். "அப்ப ஆரணி பிறக்கேக்க நீர் ஏன் எடுக்கேல்லை?"

ஜது, அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தேன், நடிப்பு இல்லை. பாவம், எனக்காகத்தான் கேட்டார்.

சான்ட்விச் செய்கிற தொழிற்சாலையில் எனக்கு அப்போது ஒழுங்கான பேஸ்லிப் இருந்தது. சூப்பர்வைசர் தானாகவே கூப்பிட்டு, ஆறு மாதம் எடுக்கலாம், கையெழுத்து மட்டும் போடு என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவருடைய அகதிக் கேஸ் முடியாத நேரம். "அரசாங்கத்திட்டக் கை நீட்டினா என்ர கேஸ் பழுதாப் போகும், வேண்டாமெண்டு சொல்லும்" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். ஆரணி பிறந்து மூன்றாம் கிழமை தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று பாணில் பட்டர் பூசினேன். பால் கட்டிக் காய்ச்சல் வந்தது, வெள்ளைக் கோட்டு நனைந்தது. கழிவறையில் போய்ப் பிழிந்து ஊற்றிவிட்டு வந்து திரும்ப நின்றேன். வீட்டில் பிள்ளை போத்தல் பால் குடித்தது. ஒரு மாதத்தில் என்னிடம் பால் வற்றிவிட்டது. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, என் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன், கிருஷ்ணமூர்த்தி இருக்கத்தக்கதாகவே. அந்த மனுஷன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் எழுந்து கடை முன்பக்கம் போனார், சனம் வந்திருந்தது. ஒரு பெண் இரண்டு மீன் பற்றிஸ் கேட்டாள். இவர் நான்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசை வாங்க மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டப் போகிறேன் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். பிள்ளை பெற்ற உனக்குச் சமைக்கச் சரக்குத் தூள் வறுத்து இடித்தாயிற்று. தாய் வீட்டார் இல்லை என்று இனி எழுதாதே. இவர் வருவாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நான் வருகிறேன்.

நீ குளித்துச் சாப்பிட்டுப் படுத்து நித்திரை கொள். பிள்ளையை என்னிடம் தா. எனக்கு அன்றைக்கு எங்கேயும் ஓட வேண்டியதில்லை.

உன் அக்கா
செல்வமலர்